லிட்டர் எடை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் எடுக்க வந்த வியாபாரியிடம் போய், "இந்த மூட்டை நல்ல கனம் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்துவிடுவார். மாதிரிக்கு வைத்த காயை உள்ளங்கையில் கொட்டி விரலால் பரத்துவார். பச்சை மாறாமல் இருக்கிறதா, வாய் பிளந்த காய் கலந்திருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் தேறும் என்று கண்ணாலேயே அளப்பார். ஒன்றைப் பிதுக்கி, உள்ளே அரிசி கறுத்து முற்றியிருக்கிறதா என்று பார்த்து வாயில் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் லிட்டர் எடை கேட்பார். ஒரு லிட்டர் பாத்திரம் நிறையக் காயைப் போட்டால் எத்தனை கிராம் நிற்கிறது என்பது அந்தக் கணக்கு. 7 மில்லிமீட்டர் முதல்தரப் பச்சைக் காய்க்கு 435 கிராமாவது நிற்க வேண்டும் என்கிறது அக்மார்க் தரப்பட்டியல். குறைந்தால் உள்ளே சப்பை.

ஏலக்காய்க்கே இவ்வளவு விசாரணை நடக்கிற இந்தப் பக்கத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளையை மட்டும் ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறோம்: "எத்தன கிலோ இருக்க?"

என் அக்கா மகளுக்கு 13 வயது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் எடை மெஷினை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐந்து ரூபாய். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பின்னால் நின்ற சொந்தக்காரப் பெண் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஆத்தாடி, அம்புட்டா?" என்றார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்தில் அது ஒரு விசாரிப்பு, அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரியிலிருந்து பிள்ளை சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தாள். முதலில் இரவுச் சோறு நின்றது, அப்புறம் காலை இட்லி. ஒரு மாதம் கழித்துத்தான் அக்காவுக்கு உறைத்தது. நான் அறிவியல் எழுதுகிறவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

ஏலக்காய்க்கு லிட்டர் எடை மாதிரி மனிதருக்கும் ஒரு கணக்கு உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். வருகிற எண்ணுக்குப் பெயர் பிஎம்ஐ. இதன் மூலவர் மருத்துவர் அல்லர், அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியம் நாட்டு வானியலாளர். நட்சத்திரங்களை அளந்து பழகிய கை மனிதர்களை அளக்க ஆரம்பித்தது. ஸ்காட்லாந்துப் படைவீரர் 5,738 பேரின் மார்புச் சுற்றளவை எடுத்துவைத்துக்கொண்டு, பெரும்பாலோர் நடுவில் குவிவதையும் இரண்டு பக்கமும் சரிவதையும் காட்டினார். பெரியவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது என்று 1830களில் கண்டுகொண்டவரும் அவரே. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதில்தான் அவருக்கு அக்கறை. எதிரே நிற்கிற ஒரு ஆள் குண்டா ஒல்லியா என்று தீர்ப்புச் சொல்ல அவர் அதைப் போடவில்லை. அமெரிக்க உடலியல் அறிஞர் ஏன்சல் கீஸ் 1972இல் இந்தப் பழைய கணக்கைத் தூசி தட்டி எடுத்து பிஎம்ஐ என்று பெயர் வைத்தார். கீஸ் இந்த அத்தியாயத்தில் இன்னொரு தடவை வருவார். அப்போது அவர் கையில் கால்குலேட்டர் இருக்காது.

வளர்ந்து முடிந்தவர்களுக்கு பிஎம்ஐ ஓரளவு உண்மை பேசும். வளர்கிற பிள்ளைக்கு வயதைச் சேர்க்காமல் பார்த்தால் பொய்தான் சொல்லும். பிஎம்ஐ 21 என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அட்டவணைப்படி 17 வயதுப் பையனுக்கு அது நட்டநடு. அதே 21, பத்து வயதுப் பையனுக்கு உடற்பருமனின் வாசற்படி. எண் ஒன்றுதான், ஆள் வேறு. அதனால்தான் பிள்ளைகளுக்கு ஒரே எல்லை என்று எதுவும் கிடையாது, வயதோடு மேலேறிப் போகிற கோடுகள்தான் உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் நம் பிள்ளைகளுக்கென்று 2015இல் திருத்தி வெளியிட்ட படங்கள் இப்போது பல மருத்துவர்களின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன.

அந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்று கம்பத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு அணையில் இன்றைக்கு 128 அடி என்று மட்டும் சொன்னால் அவர் விடமாட்டார். நேற்று எத்தனை, வரத்து எத்தனை, திறப்பு எத்தனை என்று கேட்பார். பிள்ளையின் எடையும் அப்படித்தான். ஒரு நாளைய மட்டம் தகவலே இல்லை. ஐந்து வயதிலிருந்து ஒரே கோட்டை ஒட்டி ஏறி வருகிற பிள்ளை, அந்தக் கோடு சற்று மேலே இருந்தாலும் சற்றுக் கீழே இருந்தாலும், தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வருடத்துக்குள் இரண்டு கோடுகளைத் தாண்டி மேலே தாவினாலோ கீழே இறங்கினாலோதான் விசாரிக்க வேண்டும்.

மேலும், இது ஏற வேண்டிய பருவம். ஒருவர் முழுதாக வளர்ந்தபின் இருக்கும் எடையில் ஏறக்குறையப் பாதி, பதின்பருவத்தில் சேர்வது. உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் அப்போதுதான் கூடுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் வளர்ச்சி உச்சத்துக்குப் போகும். அந்த ஒரு வருடத்தில் மட்டும் எட்டொன்பது சென்டிமீட்டர் ஏறுவது சாதாரணம். வரிசையும் விசித்திரமானது. முதலில் பாதம் நீளும், அப்புறம் கால், கடைசியில் உடம்பு. ஜூனில் வாங்கிய ஷூ தீபாவளிக்குக் கடிக்கிறது என்றால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம்.

பெண் பிள்ளை விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. வயதுக்கு வந்ததும் தாய்மாமன் சீர் வருகிறது. பதினாறு நாள் வரைக்கும் உளுந்தங்களி கிண்டுகிறார்கள். அரைத்த உளுந்தும் கருப்பட்டியும் அடிகனமான சட்டியில் திரண்டு வரும்போது நல்லெண்ணெயை ஊற்றி ஊற்றிக் கிளறி, களி எண்ணெய் கக்கும் பக்குவத்தில் இறக்கி, உருட்டி, நடுவில் குழி பறித்து அதிலும் எண்ணெய் விட்டு வாயில் ஊட்டுகிறார்கள். கூடவே பச்சை நாட்டுக்கோழி முட்டை (முட்டையை வேகவைத்துக் கொடுப்பது நல்லது, மற்றபடி எனக்குப் புகார் இல்லை). இடுப்பு எலும்பு பலக்கும் என்பார் அம்மாச்சி. அவர் வார்த்தையில் பிழை காண்பது கஷ்டம். எலும்பு வேகமாகக் கட்டப்படுகிற காலம், புரதமும் கொழுப்பும் தேவைப்படுகிற காலம் அது.

இரண்டு வருடம் கழித்து அதே வீட்டில், அதே பெண்ணைப் பார்த்து, "என்னடி, ஆளு ஊதிக்கிட்டே போற" என்கிறார்கள். ஊதவில்லை. பருவத்துக்கு முன் பெண்ணுடலில் ஆறில் ஒரு பங்கு அளவில் இருக்கும் கொழுப்பு, பருவம் முடியும்போது நாலில் ஒரு பங்குக்கு வந்து நிற்கும். நோய் எதுவும் இல்லை, உடம்பின் திட்டமே அதுதான். ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1994இல் கண்டெடுத்த லெப்டின் என்ற சுரப்பு, கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்பி மூளைக்குப் போய்க் கையிருப்பு எவ்வளவு என்று சொல்கிறது. கையிருப்பு கரைந்துவிட்டால் மூளை முதலில் நிறுத்திவைக்கும் காரியங்களில் மாதவிலக்கும் ஒன்று.

என் அக்கா மகளுக்கு இரண்டு மாதம் வரவில்லை.

அவள் கதைக்கு அப்புறம் வருகிறேன். இதுவரை சொன்னதை வைத்து, எடை ஏறுவதெல்லாம் நல்லதுதான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையிலோ உடற்பருமனிலோ இருந்தார்கள். ஆண்களில் 37 சதவீதம். ஆனால் 2016–18இல் நாடு முழுக்கப் பிள்ளைகளை அளந்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுக்காரர்களில் 24 சதவீதம் பேர் வயதுக்கு மிக ஒல்லி, கூடுதல் எடை 5 சதவீதம்தான். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால், ஒல்லியாக ஆரம்பித்து வளர்ந்தபின் பருக்கிற ஒரு சமூகம் தெரிகிறது.

இதில் நம்மவர்களுக்கென்று ஒரு வில்லங்கம் இருக்கிறது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டுக் குட்டிக் கட்டுரை ஒன்று எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. மூட்டை எடை ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. ஒல்லியான கைகாலும் தொப்பையுமாக நம் அப்பாக்கள் இருப்பது இந்த வகைதான். சர்க்கரை நோய் நமக்குச் சீக்கிரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் எடை மெஷினைவிடக் கயிறு நல்லது. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிறு எடுத்துச் சரிபாதியாக மடியுங்கள். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் சுற்றிப் பாருங்கள். முனைகள் சேர்ந்துவிட்டால் கவலை இல்லை. சேரவில்லை என்றால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று சந்தேகிக்கலாம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2022இல் சொன்னது. அரைஞாண் கயிறு கட்டிப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது.

இன்னொன்று, கழுத்து. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரிக் கறுப்பு படர்ந்தால், அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தோல் சிவக்கத் தேய்க்கிறார்கள். பிள்ளை அழுகிறது, கறுப்பு போவதில்லை. அது அழுக்காக இருந்தால்தானே போகும்! பெரும்பாலும், உடம்பு இன்சுலினுக்கு மசியாததால் கணையம் கூடுதலாகச் சுரப்பதன் அடையாளம் அது. அப்படிப்பட்ட கழுத்தைச் சோப்புக்கடைக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் விலக்கு தள்ளிப்போய், நீர்க்கட்டி என்று பெயர் சூட்டப்பட்ட பெண்களுக்கும் இதே ஆலோசனைதான்.

சரி, மனசு. ஒரு பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது தன் கண்ணால் மட்டும் அல்ல. நம் சினிமாவில் ஒரு நடிகர் ஓமக்குச்சி நரசிம்மன், இன்னொருவர் குண்டு கல்யாணம். உடம்பையே முன்பெயராக வைத்துக்கொண்டு திரையில் வந்த அவர்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள் நாம். வகுப்பறைப் பட்டப்பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று வியப்பதில் அர்த்தமில்லை. இன்ஸ்டாகிராம் வருவதற்கு முன்பே சடங்கு வீட்டு பிளக்ஸ் வந்துவிட்டது. சின்னமனூர் சாலையில் கட்டிய பிளக்ஸில் பெண்ணின் முகம் மூன்று படி வெளுத்திருக்கும், இடுப்பு ஒரு பிடி குறைந்திருக்கும். பந்தலில் உட்கார்ந்திருப்பவள் வேறு பெண் மாதிரி இருப்பாள். பன்னிரண்டு வயதில், ஊரே பார்க்கிற இடத்தில், அவளைத் திருத்தி அச்சடித்துத் தொங்கவிட்ட முதல் படம் அது.

படங்களுக்கு இந்தச் சக்தி உண்டா என்பதை ஃபிஜித் தீவில் அளந்திருக்கிறார்கள். பருத்த உடம்பைச் செழிப்பாக மதிக்கிற ஊர் அது. நட்ரோங்கா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர், வந்த புதிதில் பள்ளி மாணவியரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து, 1998இல், அடுத்து வந்த மாணவியரிடம் அதே கேள்வித்தாள். உணவு குறித்த கோளாறான மனநிலையைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு சேனல். நம் பிள்ளைகள் கையில் இருப்பது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

கீஸ் இப்போது வருகிறார். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், பட்டினியில் கிடக்கும் ஐரோப்பியர்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுப்பது என்று அறிய, மினசோட்டாவில் ஒரு சோதனை நடத்தினார். கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆரோக்கியமானவர்கள், திடமனசுக்காரர்கள். 24 வாரம் ஏறக்குறையப் பாதிச் சாப்பாடு கொடுத்தார். உடல் எடையில் கால்பங்கு போனது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. படிப்பு, அரசியல், பெண் என்று எல்லா ஆசையும் வற்றி, சாப்பாட்டு நினைப்பு மட்டும் நின்றது. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் தங்களை ஒல்லி என்று நினைக்கவில்லை, சாதாரணமாக இருந்த மற்றவர்கள்தான் அளவுக்கு மீறிக் குண்டு என்றார்கள். பட்டினி, கண்ணையே திருகிவிடுகிறது. சோதனை முடிந்து சாப்பாடு கிடைத்ததும் பலருக்கு வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. இழந்ததற்கு மேல் கொழுப்பு திரும்பி வந்தது. கிராஷ் டயட் எடுத்தவர்கள் ஆறு மாதத்தில் ஏன் கூடுதலாகப் பருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

அக்கா ஒரு விஷயத்தைச் சொன்னபோது எனக்கு இந்த 36 பேர் ஞாபகம்தான் வந்தது. இரவுச் சாப்பாட்டைத் தொடாத பெண், பதினோரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பிரியாணி செய்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒன்று முடிந்ததும் அடுத்தது.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். குமுளி ஏறினால் கேரளம். 2025 மார்ச்சில் அங்கே கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண் ஒருவர், எடை கூடிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் சாப்பாட்டை விலக்கி, மருத்துவமனையில் இறந்தார். அனரெக்ஸியா பணக்கார வீட்டு நோய், வெள்ளைக்கார நோய் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தலைமுடி கொட்டுவது, எந்நேரமும் குளிர்வது, மயங்குவது, விலக்கு நிற்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மறுப்பது, இவற்றைக் கண்டால் "திமிரு" என்று திட்டாமல் மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பையன்கள் கதை வேறு தினுசு. விடிவதற்குள் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்களில் பாதிப் பேர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். பொதுப்பிரிவுக்கு உயரம் 170 செ.மீ., மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். கெட்லே பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். இந்த ஓட்டம் நல்லது. கூடவே வருகிற டப்பாக்கள்தான் ஆபத்து. "ஒரு மாசத்துல சதை போடும்" என்று விற்கிற பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் உப்பும், கன்னம் திரளும், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உள்ளே எலும்பு கரையும், சர்க்கரை ஏறும். பதினைந்து வயதில் மார்பு விரியாதது குறை ஆகாது. ஆண் சுரப்பு முழுவேகத்தில் வேலை செய்து தோள் அகலப் பதினெட்டுக்கு மேலும் ஆகலாம்.

காலைச் சாப்பாடு பற்றியும் பேசியாக வேண்டும். கம்பத்திலும் போடியிலும் விடிவதற்குள் ஏலத்தோட்ட ஜீப்புகள் வந்துவிடும். அம்மாக்கள் தூக்குவாளியோடு ஏறி மலைக்குப் போய்விடுவார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு அன்றிலிருந்து பசி நின்றுவிடுமா என்ன? வளர்ச்சி உச்சத்துக்குப் போகிற வயதில்தான் காலைத் தட்டு காணாமல் போகிறது. டீயும் பன்னும் தின்று போகிற பிள்ளை, நாலரை மணிக்குப் பள்ளி வாசல் தள்ளுவண்டியில் விழுவதற்கு நாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை பந்தலில் தொங்குகிற ஊரில், திராட்சை நிறத்தில் பாட்டில் பானம் வாங்கிக் குடிக்கிறார்கள். 250 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிற பழங்கதையை நான் மறுபடி சொல்லவில்லை.

அக்கா மகளை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் எடையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பழைய தடுப்பூசி அட்டை, பள்ளி மருத்துவக் குழுவின் அட்டைகள் எல்லாவற்றையும் வாங்கி, அந்தப் படத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். ஆறு வயதிலிருந்து எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் நூல் பிடித்த மாதிரி போனது. கடைசிப் புள்ளி மட்டும், அந்த இரண்டு மாதத்தால், கோட்டை விட்டுக் கீழே சரிந்திருந்தது. ரத்தச்சோகை வேறு. "நீ நல்லா வளந்துக்கிட்டு இருந்தியேத்தா, எதுக்கு நிறுத்துன?" என்றார். பிள்ளை பதில் சொல்லவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார். மெஷினில் ஏறும்போது எண்ணைப் பார்க்க வேண்டாம், முதுகைக் காட்டி நில் என்றார். வீட்டில் யாரும் ஆறு மாதத்துக்கு அவள் உடம்பைப் பற்றி, புகழ்ந்துகூட, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அக்காவிடம் தனியாகச் சொன்னார். எங்கள் குடும்பத்துக்கு அதுதான் கடுமையான பத்தியமாக இருந்தது.

சீராவதற்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை பின்னுக்கும் போனது.

இந்த ஜூனில் புதுச் சீருடை தைக்கக் கூட்டிக்கொண்டு போனேன். தையல்காரர் பழைய சுடிதாரின் கால் மடிப்பைப் புரட்டிப் பார்த்தார். போன வருடம் அவரே உள்ளே விட்டிருந்த நாலு விரல் துணியும் பிரித்தாகிவிட்டது. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவளைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்.

"கீழ நாலு விரல் விட்டுத் தைக்கிறேன். பக்கத்துலயும் ரெண்டு விரல் விடணும்" என்றார்.

"பக்கத்துல எதுக்கு?" என்றாள்.

"பிள்ளைக ரெண்டு பக்கமும்தானம்மா வளரும்" என்று சொல்லிவிட்டு அளவை நோட்டில் எழுதினார்.